ஜனவரி முதல் ஜூன் வரை

இல்லை பாப்பா, வீட்டில் இல்லை. ஸ்டோர் அறையில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை, உன் அம்மா பழைய சேலைகளைப் போட்டு வைத்திருக்கும் பெட்டியிலும் இல்லை. ஜூலை முதல் டிசம்பர் வரைக்குமான நோட்டு இருக்கிறது, நீல அட்டை போட்டது, அதை உனக்கு எப்போதோ கொடுத்துவிட்டேன். நீ இப்போது கேட்கிற ஜனவரி முதல் ஜூன் வரைக்குமான நோட்டு தொலையவில்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அந்த ஆறு மாதத்தில் நான் அந்தத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர்கூட எடுக்கவில்லை. உன் கட்டுரையின் முதல் அட்டவணையில் அழகாக அடுக்கி வைத்திருக்கிறாயே, எட்டுக் கிணறு, ஆறு மாதம், அத்தனையும் மாசாய் ஃபிளாட்டில் இதே மேசையில் உட்கார்ந்து நான் மனதிலிருந்து போட்ட எண்கள்.

போன வாரம் நீ போனில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். "அப்பா, ஒரே ஒரு டவுட்தான். பத்திரிகைக்காகப் பேப்பரைப் படிச்சுப் பாக்குற ஆளு ஒருத்தரு பழைய நோட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்றாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். எங்கப்பா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். நான் "தேடிப் பாக்குறேன்மா" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "உங்க டேட்டா இல்லன்னா என் பேப்பரே இல்லப்பா, தெரியுமா?" என்றாய். தெரியும். அதனால்தான் வாய் வரவில்லை. பண்டார் தெங்காராவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, எண்ணெய் எடுக்கிற அந்தச் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு முன் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இதுதான் நீ எழுதியிருப்பது. இப்போது இருப்பதை நீ வெயிலில் நின்று அளந்தாய். அப்போது இருந்ததில் பாதி என் தலையிலிருந்து வந்தது. பாதி பொய் என்று தெரிந்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள், உன் கையில் மிஞ்சுவது இந்த ஒரு வருடத்துக் கணக்கு, எட்டுக் கிணறு. அதை எந்தப் பத்திரிகையும் போடாது. போடாவிட்டால் இந்த வருடத்து உன் பேப்பர் எண்ணிக்கை ஒன்றோடு நிற்கும், பல்கலைக்கழகம் கேட்பது இரண்டு, டிசம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறது. இதெல்லாம் எனக்குப் புரியாது என்று நினைக்காதே. உனக்கு முன்னால் அந்த இயந்திரத்துக்குள் கையை விட்டவன் நான்.

வெளியே இருக்கிறவர்கள் விரிவுரையாளர்களைச் சோம்பேறிகள் என்கிறார்கள். கோப்பிக் கடையில் பேசுகிறார்கள், செய்தித்தாளில் எழுதுகிறார்கள். நம் ஊரில் ஆராய்ச்சி என்றால் ஒன்றும் நடப்பதில்லை, வெளிநாட்டில் பார் என்கிறார்கள். நான் டாக்டர் குணாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என்னுடைய மேற்பார்வையாளர், இன்றைக்கு உன் ஆராய்ச்சிக் குழுத் தலைவர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு. வெள்ளிக்கிழமை கூட்டம். தரச் சான்றிதழுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் இரண்டு மாதம் கோப்பு அடுக்குகிற வேலை, சுவர் முழுக்கக் கோப்பு. பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கும் அவர்தான் பொறுப்பு, குடும்ப தினத்துக்குக் கூடாரம் பிடிப்பதும் அவர்தான். ஆராய்ச்சி என்பது இதற்கெல்லாம் நடுவில் சுவரில் இருக்கும் விரிசல் மாதிரி ஒரு இடத்தில் நடந்தது. ஆனால் வருடக் கடைசியில் எண்ணும்போது அதை மட்டும்தான் எண்ணினார்கள். எத்தனை பேப்பர், எந்தப் பத்திரிகை, யார் முதல் பெயர். கூடாரம் நன்றாக நின்றதா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு இருபத்தாறு வயது, உனக்கு ஐந்து. நான் முதுகலைக்குப் பதிந்துகொண்டு அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். உன் அம்மா பாசிர் கூடாங்கில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிதி ஜனவரியில் வந்துவிட்டது, காகிதத்தில். ஆனால் தண்ணீரைச் சோதிக்கும் ரசாயனம் வாங்க மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும். மூன்றாவது கடை பல வாரம் பதிலே போடவில்லை. பதில் வந்தபோது முதல் கடையின் விலைக்குத் தேதி முடிந்துபோயிருந்தது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. இருந்த ஒரு கருவியின் முனை உடைந்து கிடந்தது, அதைச் சரி பார்க்கிற ஆள் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். நான் தினமும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பேன். அங்கே இருந்த அக்கா என்னைப் பார்த்ததும், "அலமாக், இவரு வந்துட்டாரு. இன்னும் சைன் ஆகல லா தம்பி" என்பாள். ஜூன் கடைசியில் பெட்டி வந்தது. ஆறு மாதம் போய்விட்டது. திட்டம் பன்னிரண்டு மாதம்.

அப்போது ஒரு பழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். எல்லாத் திட்டங்களையும் ஒரு பட்டியலில் போட்டு போக்குவரத்து விளக்கு மாதிரி நிறம் கொடுப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. திட்டம் சிவப்பில் நின்றால் தலைவர் பதவி உயர்வுக்கு மனு போட முடியாது, அடுத்த நிதியும் கேட்க முடியாது. காலத்தை நீட்டித்துக் கொடுங்கள் என்று எழுதினாலே நிறம் மாறும். டாக்டர் அந்த வருடம் மனு போட இருந்தார். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார். "தம்பி, ஜனவரில இருந்து ரீடிங்கெல்லாம் இருக்குதானே?"

மூன்றாவது கடை பதில் போடாமல் இழுத்தது, ஜூன் கடைசி வரை பெட்டி வரவில்லை என்று அவருக்கும் தெரியும். நானே பத்து முறை சொல்லியிருக்கிறேன். அவர் அப்படிக் கேட்டபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார். "இருக்கு டாக்டர்" என்றேன். "பொழைச்சோம்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். பொய் எழுது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில். உனக்கு இப்போது கீழே மாணவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். அவர்களிடம் எல்லாம் இருக்குதானே என்று கேட்காதே. என்ன இல்லை என்று கேள். என்ன இல்லை என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மற்றபடி என்னிடம் புத்திமதி பெரிதாக இல்லை.

எண் போடுவது கஷ்டமாக இல்லை, அதுதான் அசிங்கம். ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் ஒழுங்காக எடுத்து முடித்த பிறகு, அந்த உண்மையான எண்களை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற மாதிரி முதல் ஆறு மாதத்தைப் போட்டேன். மழை மாதத்துக்குக் கொஞ்சம் ஏற்று, வெயில் மாதத்துக்குக் கொஞ்சம் இறக்கு. எல்லாம் ஒரே சீராக இருந்தால் சந்தேகம் வரும் என்று நான்காவது கிணற்றில் மட்டும் ஒரு மாதத்தைத் தூக்கிவிட்டேன். எனக்கு அதில் ஒரு திறமை இருந்தது. ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டேன். பக்கத்தில் நீ தரையில் படுத்து வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா சமையலறையிலிருந்து, "என்னா இன்னிக்கு இவ்ளோ வேகமா வேலை ஓடுது?" என்று கேட்டாள். "இன்னிக்கு மண்டை நல்லா வேலை செய்யுது" என்றேன்.

வேலை இண்டர்வியூவில் உன்னிடம் ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று கேட்டபோது, ஐந்து வயதில் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார், நான்தான் போத்தல்களில் லேபிள் ஒட்டினேன் என்று சொன்னாயாம். அவர்களெல்லாம் சிரித்தார்களாம். வந்து எங்களிடம் நடித்துக் காட்டினாய். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவுக்கு ஓவர்டைம் இருக்கும், உன்னை விட்டுவைக்க ஆள் கிடையாது, அதனால் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் செம்பனை மரங்களை எண்ணுவாய், இருபத்தொன்பதுக்கு அப்புறம் மறுபடியும் இருபதுக்குப் போவாய். கிணற்றுக்குக் கிணறு ஓடுவாய். ஒரு தடவை இரண்டையும் ஆறையும் மாற்றி ஒட்டிவிட்டாய், நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன், நீ அழுதாய். அதற்காக அன்றைக்கு எட்டுக் கிணற்றிலும் மறுபடி தண்ணீர் எடுத்தேன். பார், ஒரு லேபிள் மாறியதற்கு எட்டுக் கிணறு. அவ்வளவு ஒழுக்கமாக இருந்த ஆள்தான். அதெல்லாம் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர். நீ லேபிள் ஒட்டிய மாதங்கள் உண்மை. நீ இல்லாத மாதங்கள்தான் பொய்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். மறு வருடம் ஜனவரியில், வேலை எல்லாம் முடிந்த பிறகு, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போனேன். மூன்றாவது கிணறு பாக்கியம் அக்கா வீட்டுப் பின்னால் இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, உனக்கு எப்போதும் மைலோ போட்டுக் கொடுப்பாளே, அந்த அக்கா. அன்றைக்கு எனக்கும் மைலோ கொண்டுவந்தாள். குடித்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இல்லை, குளோரின் வாடை அடித்தது. "தண்ணி கோயில் பைப்புது தம்பி. அங்கேருந்துதான் தூக்கியாறோம், ஒம்பது மாசமா" என்றாள். கோயில் அரை மைல் தூரம். ஏன் என்று கேட்டேன்.

"ஏப்ரல் மாசம் கெணத்துத் தண்ணி நாறிப்போச்சுலா. ஆலைப் பக்கம் கழிவுக் கொளம் ஒடைஞ்சிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. பிள்ளைங்களுக்கெல்லாம் ஒடம்பு பூரா சொறி. இப்ப நாத்தம் போயிருச்சு, ஆனாலும் மனசு வரல. இவரு சும்மா இருக்க மாட்டேங்கிறாரு, இடுப்பு ஒடியுதுங்கிறாரு." அவள் புருஷன் முனியாண்டி அண்ணன் வாசலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். "தூக்குறது நானு, மனசு வரலங்கிறது இவ" என்றார். பிறகு, தான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஏப்ரலிலும் நான் வந்துபோயிருப்பேன் என்று நினைத்துக் கேட்டாள். "நீங்கதான் மாசா மாசம் அளந்தீங்களே. ஏப்ரல்ல ஒங்க மிசின் என்னா காட்டுச்சு தம்பி?"

ஏப்ரல். நான் ஏப்ரலுக்கு என்ன போட்டேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அறிக்கை ஏற்கனவே போய்விட்டது, பேப்பர் எழுதியாகிவிட்டது, டாக்டரின் மனு மேசையில் இருந்தது. அக்கா, நான் ஏப்ரலில் வரவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஒண்ணும் காட்டல அக்கா. நார்மல்தான்." முனியாண்டி அண்ணன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டுக்க. படிச்ச புள்ள சொல்லுது. நாளையிலேருந்து நான் ஒரு வாளிகூடத் தூக்க மாட்டேன்" என்றார். பாக்கியம் அக்காவுக்கும் சந்தோஷம்தான். "அப்ப சொறிக்கு வேற ஏதோ காரணம் போல" என்றாள். எனக்குக் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து, விட்டுவிட்டு வந்த ஐஸ் பெட்டியை எடுக்கப் போனேன். கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். நான் மோட்டாரை நிறுத்தவில்லை.

அதற்கு அப்புறம் அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள நான் போகவில்லை. இத்தனை வருடமாகப் போகவில்லை. மாசாயிலிருந்து அது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

நான் படிப்பை விட்டது அந்த மாதம்தான். நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய், குடும்பத்துக்காக அப்பா படிப்பைத் தியாகம் செய்தார், அவர் முடிக்காததை நான் முடித்தேன் என்று. உன் பட்டமளிப்பு அன்று அத்தனை பேர் முன்னால் என் தலையில் அந்தத் தொப்பியை வைத்துப் படம் எடுத்தாயே, அந்தப் படம் இன்னும் ஹாலில் தொங்குகிறது, நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னது நான்தான். உனக்கு ஒன்பது வயது, பள்ளியில் அப்பா என்ன வேலை என்று எழுதச் சொன்னார்கள், அப்போது நான் லாரியில் கிளீனர். ஏன்பா படிச்சிட்டு லாரில போறீங்க என்று கேட்டாய். உனக்காகத்தான் விட்டேன் என்றேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நீ பதினைந்து வருடம் படித்தாய். உண்மை என்னவென்றால் நான் பயந்து ஓடினேன். அப்புறம் ஒரு வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. பூச்சி மருந்து அடித்தேன், போட்டோஸ்டாட் கடை வைத்தேன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனேன், இப்போது ஃபோர்க்லிஃப்ட். உன் அம்மா என் காலில் சக்கரம் இருக்கிறது என்பாள். யாராவது நீ முன்னால் என்ன செய்தாய் என்று கேட்கத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவேன். அவ்வளவுதான் அந்தச் சக்கரம்.

பேப்பர் நல்ல பத்திரிகையில் வந்தது. ஒன்பது பெயர். கருவி இரவல் கொடுத்தவர், ஆய்வகத் தலைவர், டாக்டருடைய பெயரைத் தன் பேப்பரில் போட்ட ஒருவர், அவருடைய நண்பர். கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி பெயர் வைத்தார்கள். ஒன்பதில் ஒருவரும் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. நான் பதிவை ரத்து செய்துகொண்டு போனதால் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு அப்போது நிம்மதிதான். இப்போதுதான் அதன் விலை தெரிகிறது. நீ போன் செய்த மறுநாள், நம் பக்கத்து வீட்டுப் பையனை வைத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அந்தப் பத்திரிகைக்கு ஈமெயில் போட்டேன். அந்தத் தரவில் ஆறு மாதம் நான் இட்டுக் கட்டியது என்று. இரண்டு நாளில் பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக. கட்டுரையைத் திருத்தும்படியோ நீக்கும்படியோ ஆசிரியர்கள்தான் கேட்க முடியுமாம். என் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லையாம். வேறு குறை இருந்தால் பல்கலைக்கழகம் வழியாக வர வேண்டுமாம். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் புகார்ப் படிவம் ஒன்று இருந்தது. பணியாளர் எண் அல்லது மாணவர் எண் போடாமல் அது அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. பொய் சொல்வதற்கு எனக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை.

அதனால் சனிக்கிழமை டாக்டர் வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. அவர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். "யாரு, மாசாய் தம்பியா? முடியெல்லாம் எங்கடா?" என்றார். "ஒங்களுக்கும் இல்லையே டாக்டர்" என்றேன். சிரித்தார். அவருக்கு அடுத்த வருடம் ஓய்வு. நான் உட்காராமலே சொன்னேன், "டாக்டர், அந்த மொத ஆறு மாசம் நான் தண்ணி எடுக்கவே இல்ல."

அவர் துணியைப் பிழிந்தார். "தெரியும்" என்றார்.

"எப்பலேருந்து?"

"நீ கொண்டாந்து குடுத்த அன்னிக்கே. அந்த ஏப்ரல்ல நான் அந்த ரோட்டுல போனேன் தம்பி, சொந்தக்காரங்க வீட்டுக்கு. கார் கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுட்டுதான் போனேன். அப்படி நாத்தம். ஒன் ஏப்ரல் மல்லியப்பூ மாதிரி இருந்துச்சு." வாளியைக் காலால் தள்ளினார். "கேட்டிருந்தா ப்ராஜெக்ட் ரெட்டு. ஒனக்கும் அலவன்ஸ் நின்னிருக்கும், எனக்கும் எல்லாம் நின்னிருக்கும். நீ சொல்லல, நான் கேக்கல."

பாப்பா, இருபது வருடமாக நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில்கூட ஒரு சின்னப் பெருமை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சரி, இப்போதாவது சொல்லிவிடலாம் டாக்டர், பாப்பாவின் பேப்பர் வெளிவருவதற்கு முன்னால் என்றேன். அவர் கோபப்படவில்லை. விரலை மடக்கினார். "அந்தப் பேப்பரை வச்சு மூணு பேரு பிஎச்டி முடிச்சிருக்காங்க. ஒருத்தரு குளுவாங்குல வாத்தியாரா இருக்காரு, பாவம், நாலு புள்ள. அவங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்றியா? அந்தத் தோட்டத்துல இப்ப யாரு இருக்கா? ஒன் பாக்கியம் அக்காவா? எல்லாம் வெளிநாட்டு ஆளுங்க. சரி, ஒன் மகளுக்காவது நல்லதா? அவ நிமிந்து நிக்கட்டும்னுதான் இந்த டாபிக்கையே நான் அவளுக்குக் குடுத்தேன். அப்பன் டேட்டா புள்ளைக்கு ஒதவட்டும்னு நெனைச்சேன். தப்பா?" அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், இத்தனைக்கும் பிறகும் சொல்கிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு உள்ளே போய் ஒரு தாள் கொண்டுவந்தார். ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் மாதிரி எடுத்தது நான்தான், அந்த நோட்டு வீட்டில் வெள்ளம் வந்தபோது நனைந்து அழிந்துவிட்டது என்று நான் உறுதி கூறுவதாக அதில் இருந்தது. "கையெழுத்து மட்டும் போடு. கேட்டவனுக்கு இது போதும். இந்த நாட்டுல வெள்ளம் வந்துச்சுன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டான்" என்றார். நாம் இருப்பது நான்காவது மாடி என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தாள் மேசையில் எனக்கு முன்னால் இருக்கிறது. நான்கு நாளாக இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் உன் பேப்பர் வெளிவரும், உன் ஒப்பந்தம் நீளும், நீ இன்னும் மூன்று வருடம் நான்கு பாடம் எடுத்துக்கொண்டு, கூடாரம் பிடித்துக்கொண்டு, விரிசலுக்குள் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பாய். இருபது வருடத்தில் அந்தத் தோட்டத்துத் தண்ணீரில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று உன் பேப்பர் சொல்லும். கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் முடித்திருக்கிறாய், எனக்கு அனுப்பியதைப் படித்தேன். இப்போது அந்த லயத்தில் இருக்கிற ஒரு பெண்ணும் யாரிடமாவது தண்ணீர் எப்படி என்று கேட்பாள். உன் பேப்பரைப் படித்த யாரோ ஒருவர் நார்மல்தான் என்பார். நான் கையெழுத்துப் போடாவிட்டால் டிசம்பரில் உனக்கு வேலை இல்லை. வேறு பல்கலைக்கழகம் எடுக்குமா என்று நீயே சொல்லு. எடுத்தாலும் ஏன் அங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். அப்புறம் நீயும் அந்தக் கேள்வி வருகிற இடத்திலிருந்தெல்லாம் எழுந்து போய்க்கொண்டிருப்பாய். இரண்டில் எதுவும் நன்றாக இல்லை. மூன்றாவதாக ஒரு வழி கிடைக்கும் என்று ஷிப்டில் ஓட்டிக்கொண்டே யோசித்தேன், கிடைக்கவில்லை. பத்திரிகை கேட்காது, படிவம் கேட்காது, டாக்டர் கேட்கமாட்டார், எல்லாருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது.

உன் அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். முழுவதையும். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. கடைசியில், "அந்தப் பொம்பள கையை ஆட்டுனப்ப நீ ஏன் நிக்கல?" என்று மட்டும் கேட்டாள்.  ராத்திரி சாப்பாடு போட்டாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன், அதுவும் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடப் போவதும் இல்லை. இதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதே, எனக்கு இதில் எந்த நஷ்டமும் கிடையாது. நஷ்டம் முழுக்க உனக்கு. இந்தக் கடிதத்தின் கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, டாக்டருக்கு, நோட்டைக் கேட்ட அந்த ஆளுக்கு, யாருக்கும். டாக்டர் கொடுத்த தாளையும் இதே உறையில் வைத்திருக்கிறேன், கீழே காலியாக. அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் வைக்கிறேன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. என் கையெழுத்து உனக்குப் போடத் தெரியும். பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கும்போது ரிப்போர்ட் கார்டில் நீயே போட்டாய், ஆசிரியர் கண்டுபிடிக்கவில்லை, நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது போட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பாப்பா. அதுதான் என்னிடம் இருக்கிற பெரிய கோளாறு. யாராவது போன் செய்து இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அன்றைக்கு டாக்டரிடம் "இருக்கு" என்று சொன்ன அதே வாய்தான்.

கீழே கூட வேலை செய்யும் சுப்ரா மோட்டாரில் ஹார்ன் அடிக்கிறான், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. போகும் வழியில் இதைத் தபாலில் போட வேண்டும். போகிறேன்.